இருவகை நடுக்கம்

கை நடுங்கும் ஒருவரைக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவ உலகமும் ஏறத்தாழ இந்நிலையில்தான் இருந்தது. நடுக்கம் என்ற ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நோய்கள் குவிந்து கிடந்தன. அவற்றுள் இரண்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமை, பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோவைச் சாரும்.

1825-ல் பாரிஸ் மாநகரில், குதிரை வண்டி கட்டும் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1862-ல் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் தலைமை மருத்துவரானார். மருத்துவமனை என்கிறோமே தவிர, கைவிடப்பட்ட பெண்களின் புகலிடம் என்பதே பொருந்தும். முதியோர், முடமானோர், வலிப்பு நோயாளர், சித்தம் கலங்கியோர் எனச் சுமார் 5,000 பேர் அங்கு அடைந்து கிடந்தனர். ஷார்க்கோ அவர்களை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கினார். அவர்கள் இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் சோதித்து, உயிரோடிருந்தபோது கண்ட குறிகளோடு ஒப்பிட்டார்.

அவர் கண்டதென்ன? சிலருக்கு மடியில் சும்மா கிடக்கும் கைதான் நடுங்கியது. ஒரு பொருளை எடுக்க நீட்டினாலோ நடுக்கம் தணிந்தது. வேறு சிலருக்குச் சும்மா இருக்கும் கை அசையாதிருந்தது. ஆனால் தண்ணீர்க் குவளையை எடுத்து வாயருகே கொண்டுவரக் கொண்டுவர நடுக்கம் மிகுந்து நீர் சிந்தியது. முதலாவது, லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு நோயாளிகளை வைத்து ஒரு சிறு நூலில் விவரித்த நோய். அந்நோயைப் பார்க்கின்சன் பெயராலேயே அழைக்கவேண்டும் என்று சொன்னவர் ஷார்க்கோதான். மற்றது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் உறை ஆங்காங்கே அழிந்து, அவ்விடங்கள் தழும்புபோல் இறுகிவிடுகின்றன. அத்தழும்புகளை முன்னரே சிலர் வரைந்து வைத்திருந்தனர். ஆயினும் அவற்றை நோயாளியின் நடையோடும் பேச்சோடும் பார்வையோடும் இணைத்து, இது தனியொரு நோய் என 1868-ல் நிலைநாட்டியவர் ஷார்க்கோ.

இதற்கு ஒரு வேலைக்காரப் பெண்ணும் துணைநின்றாள். ஷார்க்கோவிடம் பயின்ற சிக்மண்ட் பிராய்டு 1893-ல் இதை எழுதியிருக்கிறார். கை நடுக்கத்தால் எங்கும் வேலை கிடைக்காத ஒருத்தியை ஷார்க்கோ தம் வீட்டில் அமர்த்திக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளுக்கே பெரும் பணம் கரைந்ததாம். வீட்டு அம்மையார் என்ன சொன்னாரோ, நாமறியோம்! அவள் இறந்தபின், நடுக்கத்தின் காரணம் அத்தழும்புகளே என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அவள் பெயரைப் பிராய்டு குறிப்பிடவில்லை.

இவ்விரு நோய்களையும் பிரித்தறிவது வெறும் ஏட்டுக் கல்வியன்று. பார்க்கின்சன் நோயில், டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் அழிகின்றன. அக்குறையை 1960-ல் வியன்னா நகர ஆய்வாளர்கள் கண்டனர். அதை ஈடுசெய்யும் லெவோடோப்பா மருந்து பலரை எழுந்து நடக்க வைத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. உடலின் தற்காப்பு ஆற்றலே மயலினைத் தாக்குவதால், அதற்கான மருந்துகள் முற்றிலும் வேறு. இரண்டையும் அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை.

குடும்பத்தார் அறியவேண்டிய ஒன்றையும் ஷார்க்கோ கவனித்தார். பார்க்கின்சன் நோயாளியின் தசையில் வலு இருக்கிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையேதான் நெடுநேரம் கழிகிறது. பித்தான் போட அரைமணி நேரமா என்று கடிந்துகொள்ளும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அது சோம்பலன்று, நோய்.

நிற்க. ஷார்க்கோவிடம் குறையே இல்லை என்று கூறமாட்டோம். ஏழைப் பெண்களை அரங்கில் நிறுத்திப் பலர் காணப் பாடம் நடத்தியது நம் மனத்தை உறுத்துகிறது. ஆனால் நோயாளியின் சொல்லை அவர் தள்ளியதில்லை. இரயிலிலோ வண்டியிலோ நெடுந்தொலைவு குலுங்கிச் சென்றால் உடம்பு இலேசாகிறது என்று நடுக்கநோயாளர் சிலர் கூற, அவ்வாறே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, 1892-ல் அதுபற்றி உரையாற்றினார். மறு ஆண்டே அவர் காலமானார். 2012-ல் சிக்காகோ மருத்துவர்கள் அதைச் சோதித்து வெளியிட்டனர். அதிரும் நாற்காலியில் அமர்ந்தவர்கள் சற்றுத் தேறினர். அதிராத நாற்காலியில் அமைதியாய் அமர்ந்தவர்களும் அவ்வாறே தேறினர்.