ஐந்தாம் சக்கரம்

"ஸ்டெப்னி" என்னும் வார்த்தை நம் நாட்டில் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓர் உபாத்தியாயர் லீவு போட்டால் அவருடைய வகுப்புக்கு அனுப்பப்படுகிறவருக்குக்கூட அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுகிறோம். ஆனால் இது ஒரு தெருவின் பெயர் என்பது பலருக்குத் தெரிந்திராது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கு நான்கு சக்கரங்கள்தாம் உண்டு. பஞ்சர் ஆனால் நடுச்சாலையில் உட்கார்ந்து டயரைக் கழற்றி, ட்யூபை ஒட்டிக் காற்றடித்த பிறகுதான் பிரயாணம். வேல்ஸ் தேசத்து லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் என்ற சகோதரர் இருவர் 1904-ஆம் வருஷத்தில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார்கள். காற்றடித்துத் தயாராக வைத்த டயர் பொருந்திய ஒரு வளையத்தை, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே இறுக்கிப் பூட்டி ஓட்டிப் போகலாம் என்பதே அது. அவர்களுடைய கடை இருந்த தெரு ஸ்டெப்னித் தெரு. சாமான் மறைந்துபோய் வெகு காலமாயிற்று. சீமையிலேயே பேரும் மறந்துபோயிற்று. நம்மிடம் அந்தப் பேர் பத்திரமாக இருக்கிறது.

பேரைப் பத்திரமாக வைத்திருப்பது போல் சக்கரத்தையும் வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. "ஸ்டெப்னி இருக்கிறதா?" என்று கேட்டால் கார் வைத்திருப்பவர் யாரும் "இருக்கிறது" என்பார். "அதில் காற்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் கொஞ்சம் யோசிப்பார்கள்.

புதுக்கோட்டைச் சீமைக்கும் டயர் பஞ்சருக்கும் உள்ள சம்பந்தம் பழையது. இங்கே ரயில் வந்தது 1929-இல்தான். அதற்கு வெகு முன்பே, 1912 வாக்கில், டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே கந்தர்வகோட்டை வழியாகப் பஸ் விட்டார். இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஆகும் அந்த 60 கிலோமீட்டர், அன்றைக்கு ஒரு சாகஸம். காரணம், சாலை முழுவதும் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். லாடம் தேயத் தேய அதன் ஆணிகள் கழன்று வழியெல்லாம் சிந்திக் கிடக்கும். ரப்பர் டயருக்கு அதைவிடப் பெரிய சத்துரு வேண்டுமா? காந்தம் பொருத்திய ஒரு கருவியை அய்யங்கார் செய்வித்து, அதைக் கொண்டு சாலையை வாரி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது, அவருடைய கம்பெனியின் கதையைச் சொல்வோர் தவறாமல் சொல்லும் செய்தி. பஞ்சரை ஒட்டுவதற்கு முன்னால், பஞ்சர் ஏன் ஆகிறது என்று யோசித்த மூளை அது.

இப்போது லாட ஆணி அருகிப்போய்விட்டது. ஆனால் அதன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. லாரிகளிலிருந்து உதிரும் திருகாணியும் கம்பித் துண்டும் ஒரு பக்கம், கல் குவாரிகளிலிருந்து போகும் ஜல்லியின் கூர்முனை மற்றொரு பக்கம். இவையெல்லாம் போதாதென்று, கிராமப் பாதைகளில் இரு மருங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் இருக்கவே இருக்கிறது. அதை வெட்டி ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, வழி நெடுக முள்ளைத் தானம் செய்துகொண்டு போகும். பழைய டயருக்கு அந்த முள் ஒன்றே போதும்.

ஆணியும் முள்ளும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது காற்று. இங்கே ஒரு சிறு கணக்குப் போட வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்; உபாத்தியாயர் புத்தி வேறு எங்கே போகும்? ஒரு சிறிய காரும் அதில் ஏறியவர்களுமாகச் சேர்ந்து 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்குக்கு 275 கிலோ. டயரில் 32 ராத்தல் அழுத்தம், அதாவது பங்குக்காரர் சொல்லும் 32 பி.எஸ்.ஐ., இருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. வகுத்துப் பாருங்கள்: தரையைத் தொடுகிற இடம் சுமார் 122 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் கார்டின் பரப்பு 126. ஆக, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கீரனூர்ச் சாலையில் போகும் ஒரு குடும்பம் முழுவதையும் பூமியோடு பிணைத்து வைத்திருப்பது நான்கு தபால் கார்டுகள்!

காற்று 20 ராத்தலுக்கு இறங்கிவிட்டால் அந்தக் கார்டு ஒன்றரைப் பங்குக்கு மேல் பெரிதாகும். பெரிதானால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரிகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சுடுகிறதே, அதுபோலச் சுடுகிறது. சித்திரை வெயிலில் தார்ச் சாலையின் சூடும் அதோடு சேர்கிறது. ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைக்கும் உள்ள ஒட்டுறவு விட்டுப்போய் ஒரு கணத்தில் வெடிக்கிறது. "நல்ல டயர்தான், திடீரென்று வெடித்துவிட்டது" என்று சொல்லக் கேட்கிறோம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதல்ல. பல வாரங்களாக நடந்துகொண்டிருந்த காரியத்தின் கடைசிச் சத்தம்.

இதை நினைக்கும்போது, அக்கினி நட்சத்திரத்தில் டயருக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று ஊரில் வழங்கும் சாஸ்திரத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. ஓடும்போது சூட்டினால் அழுத்தம் சில ராத்தல் ஏறத்தான் செய்யும்; அதை எதிர்பார்த்தே டயரைச் செய்கிறார்கள். குறைத்து வைப்பவர், சூட்டைக் குறைப்பதாக எண்ணிக்கொண்டு அதை வளர்க்கிறார். எவ்வளவு காற்று வேண்டுமென்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் நிலையில் ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச வரம்பு. அதை நம்பி அடிக்கக்கூடாது. காலையில், வண்டி ஓடிச் சூடேறுமுன் அளந்து பார்ப்பதே முறை. மாதம் இரண்டு தடவையும் நெடும் பிரயாணத்துக்கு முதல் நாளும் பார்த்தால் போதும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம். நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான். பங்குக்காரரிடம் "ஸ்டெப்னிக்கும் பாருங்கள், தம்பி" என்று சொல்ல மறக்கக்கூடாது. அதற்காக டிக்கியிலிருந்து மூட்டை முடிச்சுகளை இறக்க வேண்டியிருந்தாலும் சரி.

தேய்மானத்துக்கு ஒரு வார்த்தை. டயரின் பள்ளங்களுக்குள்ளே ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்கே இருக்கும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர்; மோட்டார் விதிகளின்படி அதற்குக் கீழே ஓட்டக்கூடாது. வீட்டில் நின்றபடியே வயதாகும் டயர்களும் உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால், 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்டால் வருஷந்தோறும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். பத்து வயதானால், பார்வைக்கு எவ்வளவு அழகாய் இருந்தாலும் விடை கொடுத்துவிட வேண்டும். ஓடாத ஸ்டெப்னிக்கும் இந்த ஜாதகம் பொருந்தும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்கும் பிறகு ஒரு நாள் பஞ்சர் ஆகத்தான் ஆகும். அப்போது என்ன செய்வது? இங்கேதான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். பஞ்சரால் இறந்தவர் குறைவு. பஞ்சரைச் சரிசெய்ய இறங்கிய இடத்தில் பின்னால் வந்த லாரியால் இறந்தவர்கள் அநேகர். பத்திரிகையில் அந்தச் செய்தி நான்கு வரியில் வந்து மறைகிறது. குனிந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் முதுகு சாலைப் பக்கம் இருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஆகையால் முதல் வேலை ஜாக்கியைத் தேடுவதல்ல; இடத்தைத் தேடுவது. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, தடதடக்கிறது என்றால் பிரேக்கைப் பலமாக மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் கெட்டியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். நான்கு மூலை விளக்குகளையும் மின்ன விட்டு, நிற்கத் தகுந்த இடம் வரும் வரை ஆமை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். பாலத்தின் மேலும் வளைவிலும் நிற்கவே கூடாது. மழைக் காலத்தில் நம் ஜில்லாவின் செம்மண் ஓரங்கள் பார்வைக்குக் கெட்டியாய் இருக்கும்; ஜாக்கியை வைத்தால் புதையும். இருநூறு கஜத்தில் ஒரு டீக்கடை வாசலோ கோவில் மைதானமோ இருந்தால் அங்கேயே போய்விடலாம். "வெறும் டயரில் ஓட்டினால் டயர் பாழாகுமே, ரிம் நசுங்குமே" என்பார்கள். பாழாகட்டும், நசுங்கட்டும்! கடையில் கிடைக்காத சாமான் எது என்பதை அந்தச் சமயத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நின்றதும், உள்ளே இருக்கும் எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி, சாலையை விட்டு அகன்று நிற்க வேண்டும். குழந்தை தூங்குகிறது என்று உள்ளே விட்டுவைக்கும் பழக்கம் கூடாது. வண்டியோடு கொடுத்திருக்கும் சிவப்பு முக்கோணத்தை ஐம்பது அறுபது அடி பின்னால் அல்ல, ஐம்பது மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும். விரைந்து வரும் வண்டிக்கு அது மூன்று வினாடிப் பாதைகூட இல்லை. இருட்டு வேளையில், வலப்பக்கச் சக்கரம் போயிருந்து, ஒதுங்க இடமும் இல்லை என்றால், மாற்றாமல் இருப்பதே புத்தி. தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்து, சாலைக்கு அப்பால் காத்திருக்கலாம்.

இடம் நல்லதானால் மற்ற வேலை எளிது. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டுவிட்டு, பழுதான சக்கரத்துக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். ஹாண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றில் ஒன்றைத் தூக்கிவிட்டால் பிடிப்புப் பாதியாகிவிடுகிறது. அதற்காகத்தான் கல். பிறகு, வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு பலமாக முறுக்கினால் சக்கரம் சுற்றும். அல்லது வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கடைகளில் காற்று யந்திரத்தால் முறுக்கிவிட்ட நட்டு கைக்கு அசையாது. ஸ்பானரின் பிடியைப் படுக்கையாக வைத்து, காலால் மெள்ள அழுத்தினால் "கிறீச்" என்று இளகும்.

ஜாக்கி வைப்பதற்கென்று கதவுக்கு அடியில் உள்ள விளிம்பில் அடையாளம் வெட்டியிருப்பார்கள். அங்கேதான் வைக்க வேண்டும். வண்டி மேலே எழும்பியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுவது பழைய டிரைவர்களின் வழக்கம். ஜாக்கி சரிந்தாலும் வண்டி தரையில் விழாமல் அதன் மேல் நிற்கும். பிறகு கழற்றிய சக்கரத்தை அங்கே தள்ளி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பூட்டலாம். கையோ காலோ தலையோ எந்தக் காரணத்துக்காகவும் அடியில் போகக்கூடாது. புதுச் சக்கரத்தின் நட்டுகளை முதலில் கையாலேயே திருக வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு, வரிசையாக அல்லாமல் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்க வேண்டும்.

இப்போது வரும் சில வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லை. டயரின் காற்றைத் தானே அளந்து சொல்லும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் ஐந்தாம் சக்கரம் வேண்டியதில்லை என்று 2020-இல் விதி செய்துவிட்டார்கள். புது வண்டி வாங்குவோர் டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நலம். சிலவற்றில் ஸ்டெப்னி இருந்தும், மற்றவற்றைவிட மெலிந்ததாய் இருக்கும். அது பஞ்சர் கடை வரை போவதற்கு மாத்திரம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

இதையெல்லாம் புருஷர்களுக்கு மட்டும் சொன்னதாக யாரும் நினைக்கக்கூடாது. 1991-ஆம் வருஷத்தை ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராய் இருந்த இதே புதுக்கோட்டையில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊரை அதிசயிக்க வைத்தார்கள். இன்று கார் ஓட்டும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில் சக்கரம் மாற்றக் கற்றுக்கொடுப்பதை நாம் அபூர்வமாகவே காண்கிறோம். ஆகவே வீட்டிலேயே ஓர் ஒத்திகை நடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில், வெயில் ஏறுமுன், வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். முதல் தடவைக்கு முக்கால் மணி ஆகும். இரண்டாம் தடவைக்கு இருபது நிமிஷம். நட்டுக்குப் பூட்டுப் போட்ட வண்டியானால் அதன் சாவி எங்கே இருக்கிறதென்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒன்று பாக்கி. ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறி, காற்று மெள்ளத்தான் இறங்குகிறது என்றால், வழியில் அந்த ஆணியைப் பிடுங்க வேண்டாம்; அதுவே அடைப்பானாக இருந்து கடை வரை கொண்டு சேர்க்கும். டயரின் நெற்றியில் பட்ட துளையை ஒட்டலாம். பக்கச் சுவரில் பட்டதை ஒட்டக்கூடாது. மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சரான சக்கரத்தை அன்றைக்கே ஒட்டி வாங்கி, காற்றடித்து, டிக்கியில் வைத்து, அதன் மேல் மூட்டைகளை அடுக்கலாம்.