பழைய மடிக்கணினிக்கு ஆண்டவர் யார்?



இல்லத்தில் ஒரு பொருள் பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுகிறோம். செப்பனிட இயலாதபோதே களைகிறோம். கணினியின் நிலையோ வேறு. விசைகள் இயங்கும், திரை ஒளிரும், ஆயினும், 'இதற்குக் காலம் கடந்துவிட்டது' என்று எவரோ அறிவித்தவுடன் அது பரண்மேல் ஏறிவிடுகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை முடித்துக்கொண்டது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. எனவே நல்ல நிலையில் உள்ள எண்ணற்ற கணினிகள் வேண்டாப் பொருள்களாயின. இங்கு ஒரு வினா எழுகிறது: விலை கொடுத்து வாங்கியவர் நாமாயிருக்க, அதன் ஆயுளை வரையறுப்பவர் வேறொருவராய் இருப்பது முறையோ?

இவ்வினாவை நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றியபோது, அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அதனை இயக்கும் நிரலைத் திருத்தினால், தாள் சிக்கியதும் காத்திருப்போருக்குச் செய்தி செல்லுமாறு செய்யலாம். ஆனால் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், பிறர்க்குப் படியெடுத்துத் தருதல், தாம் திருத்தியதையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளே அவ்வியக்கத்தின் அடிப்படை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரு சொல்லே விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. நமக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அது குனுவின் கருவிகளோடு இணையவே முழுமையான இயங்குதளம் கிடைத்தது. டெபியன், டிரிஸ்குவெல் முதலியவை அவ்வழி வந்தவை. மாற்றும் உரிமை இருந்ததனாலன்றோ, தன்னார்வலர் பலர் உழைத்து, இத்தகைய மென்பொருள்கள் பலவற்றைத் தமிழிலும் இயங்கச் செய்துள்ளனர்!

ஆயினும் இயங்குதளத்தை மாற்றிவிட்டால் கணினி முழுவதும் நம் வசமாகிவிடுவதில்லை. மின்விசையை அழுத்தியதும், இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே, பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல் நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் எழுப்புகிறது. அதுவே நிலைபொருள், 'பயாஸ்' எனப் பலரும் அறிந்தது. வீட்டார் எழுமுன் வாயிற்கதவைத் திறப்பவனுக்கு ஒப்பானது. அவன் யாருடைய ஏவலாள் என்பதைப் பொறுத்தது வீட்டின் காவல். இதற்கு மாற்றாகத் திறந்த நிலைபொருளை ஆக்கும் முயற்சி, 1999-இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் என்பவரால் தொடங்கப்பட்டது. லினக்ஸ்பயாஸ் எனப்பட்ட அது 2008-இல் கோர்பூட் எனப் பெயர் மாறியது. அதனை அடியொற்றி 2013-இன் இறுதியில் லிப்ரிபூட் தோன்றியது.

இதற்கு இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குவது, 2008-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினி. பழங்கணினியை ஏன் நாட வேண்டும்? இன்டெல் நிறுவனத்தின் கணினிகளில் 'மேலாண்மைப் பொறி' என்னும் தனிக் கட்டுப்பாட்டகம் உள்ளது. அதன் நிரல் மூடியது. உரிமையாளரின் இயங்குதளத்திற்கு அப்பால் இயங்குவது. எக்ஸ்200 தலைமுறையில் அந்நிரலை அறவே நீக்கலாம். அடுத்துவந்த தலைமுறைகளிலோ, அதனை முற்றிலும் நீக்கினால் கணினி அரைமணி நேரத்திற்குள் தானே அணைந்துவிடும். எனவேதான் பழையது இங்கு உயர்ந்ததாகிறது.

எக்ஸ்200-இல் விசைப்பலகையையும் கைதாங்கும் பகுதியையும் கழற்றினால் அச்சில்லு தென்படும். 8 அல்லது 16 கால்கள் உடைய அதன்மேல் ஒரு கவ்வியைப் பொருத்தி, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியின் வாயிலாகப் புதிய நிரலை எழுதுகிறார்கள். முதன்முறை மட்டுமே இவ்வாறு திறக்க வேண்டும். பின்னர் உள்ளிருந்தே புதுப்பிக்கலாம். மேலும், தயாரிப்பாளர் தந்த நிலைபொருள் தாம் ஒப்பாத கம்பியில்லா இணைப்பு அட்டைகளை ஏற்பதில்லை. புதிய நிலைபொருளில் அத்தடை இல்லை.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஈரகச் செயலி கனமான இணையப் பக்கங்களில் தளர்ந்துபோகும். சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டைப் பொருத்தினால் ஓரளவு விரைவு பெறும். அதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. செயலியினுள் உள்ள நுண்நிரலின் பிழைகளைத் திருத்தும் கோப்புகளும் மூடியவையே. அவற்றை ஏற்பது கொள்கைக்கு மாறு என்பர் ஒரு சாரார். மறுப்பது உறுதிப்பாட்டிற்கும் பாதுகாப்புக்கும் கேடு என்பர் மறுசாரார். லிப்ரிபூட் திட்டமே 2022-இல் தன் நிலையைத் தளர்த்தி அவற்றை ஏற்றது. எக்ஸ்200-இன் பென்ரின் வகைச் செயலிக்கோ, 2018-இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் குறைபாட்டின் ஒரு வகைக்கு நுண்நிரல் திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெல் அவ்வாண்டே அறிவித்தது. ஆகவே தன் கணினி தனக்கே உரியதாயிற்று என்று மகிழ்வோரும், அது எல்லாத் தீங்கினின்றும் காக்கப்பட்டது என்று எண்ணுதல் கூடாது.

பரண்மேல் பழைய கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். முதலில் உள்ளேயிருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர்க் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை விரற்கோலில் ஏற்றி, வட்டினைத் தொடாமலே இயக்கிப் பாருங்கள். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பிள்ளைகள் பயிலவும் பெரும்பாலும் அதுவே போதும். நிலைபொருளை மாற்றுவது அதற்கு அடுத்த படி. எல்லா மாதிரிக்கும் அது பொருந்தாது. தவறினால் கணினி உயிரற்ற பலகையாகிவிடும். எனவே பழைய நிரலின் படியைச் சில்லிலிருந்து இருமுறை எடுத்து, இரண்டும் ஒத்திருப்பதை உறுதிசெய்த பின்னரே, கைபழகிய ஒருவரின் துணையோடு அதில் இறங்குங்கள்.