மறுபதிப்புதான், அதனால் என்ன?

போன மாசம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவசர அவசரமாக நான் செய்த வேலை, அலமாரியில் இருந்த மூன்று தடிப் புத்தகங்களை முதுகு உள்பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்தது. அவர் கிளம்பிப் போனபிறகு அதையெல்லாம் நேராக்கும்போதுதான் சுரீர்னு உறைத்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால், இதே பத்திரிகையை வாங்கின அமெரிக்கக்காரனும் இதைத்தானே செய்திருப்பான்!

அந்த மூன்று தொகுதியும் 'பிசிக் பிக்டோரியல்' பத்திரிகையின் 1951 முதல் 1990 வரையிலான இதழ்களின் முழு மறுபதிப்பு. டாஷன் பதிப்பகம் 1997-இல் கொண்டுவந்தது. எனக்குப் பழைய புத்தகமாகத்தான் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பாப் மைசர் என்று ஒருத்தர். 1945-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'அத்லெடிக் மாடல் கில்ட்' என்று ஸ்டூடியோ ஆரம்பித்து, கட்டுமஸ்தான பையன்களைப் படம் எடுத்துத் தபாலில் விற்றார். 1947-இல் ஆபாசக் குற்றச்சாட்டில் தண்டனை வாங்கி, சிறைப் பண்ணைக்கும் போய் வந்தார். இத்தனைக்கும் படத்தில் இருந்தவர்கள் முழு நிர்வாணம்கூட இல்லை. இடுப்பில் ஒரு சின்னத் துணி, கிட்டத்தட்ட நம்ம கோவணம்தான். உள்ளே போய் வந்த மனுஷன் அடங்கினாரா? 1951-இல் பத்திரிகையே ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இப்படிப் பத்திரிகைகள் நிறைய. வெளியில் சொன்ன சாக்கு உடற்பயிற்சி, கிரேக்கச் சிற்பம், ஓவியம் கற்பவர்களுக்கான மாதிரி. நிஜத்தில் வாங்கினவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு ஆண்கள். விற்றவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும், தபால் இலாகாவுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். பழசைச் சேகரிக்கிறவர்களிடம் மறுபதிப்பு வைத்திருக்கிறேன் என்றால் ஒரு ஏளனச் சிரிப்பு வரும். "ஒரிஜினல் இல்லையா? அப்போ அது ஜெராக்ஸ்தானே பாஸ்!" அந்தக் காலத்துக் காகிதம், மை, பழுப்பேறின ஓரம், இதெல்லாம் ஒரு சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பத்திரிகைகள் தபால்தலை மாதிரி இல்லை. மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தது, போலீஸ் பயத்தில் கொளுத்தினது, ஆள் செத்தபிறகு குடும்பம் முகம் சுளித்துக் குப்பையில் போட்டது என்று போனது எவ்வளவோ. தப்பின ஒரிஜினலை ஒருத்தர் பெட்டியில் பூட்டி வைத்தால், அது மறுபடியும் ஒளித்து வைத்த மாதிரிதான். மறுபதிப்புதான் அதை வெளியே கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், இரவல் கொடுக்கலாம், பென்சிலால் கோடு போட்டுப் படிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. மறுபதிப்பு முழுசாக இருக்க வேண்டும். நல்ல படமாகப் பொறுக்கி, பெரிசாக்கி, பளபள தாளில் போடும் புத்தகங்கள் இருக்கின்றன. பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிர் இல்லை. உயிர் இருப்பது பொடி எழுத்தில்தான். படத்துக்குக் கீழே மைசர் எழுதும் குறிப்புகள், மாடலின் குணத்தைச் சொல்ல அவர் போட்ட ரகசியக் குறியீடுகள், தணிக்கையையும் போலீஸையும் தாளித்து எடுக்கும் பத்திகள், மற்ற புகைப்படக்காரர்களின் தபால் முகவரிகள். 'என்னை மாதிரி வேற யாரும் இருக்காங்களா?' என்று எங்கோ சின்ன ஊரில் தவித்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்த முகவரிப் பக்கமே பெரிய பதில்.

அந்தக் குட்டிப் பத்திரிகை எங்கெங்கே போயிருக்கிறது பாருங்கள். பின்லாந்தில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருத்தர் மரம்வெட்டிகளை வரைந்து அனுப்புகிறார். 1957 இதழின் அட்டையில் அது வருகிறது. 'டாம் ஆஃப் பின்லாந்து' உலகத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். இங்கிலாந்தில் இருந்த டேவிட் ஹாக்னி, கலிபோர்னியாவில் கால் வைப்பதற்கு முன்னாலேயே, 1963-இல், இதில் வந்த படத்தைப் பார்த்து ஒரு லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக் காட்சியை வரைந்துவிட்டார்!

சட்டக் கதை இன்னும் சுவாரசியம். ஹெர்மன் லின் வோமாக் என்கிற முன்னாள் தத்துவப் பேராசிரியர் இதே ரகப் பத்திரிகைகளை வெளியிட்டு வந்தார். 1960-இல் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் அவருடைய 405 பிரதிகளைத் தபால் இலாகா நிறுத்தி வைத்தது. மனுஷன் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய், 1962-இல் ஜெயித்தார். நீதிபதி ஹார்லன் எழுதினதன் சாரம்: இவை மட்டமானவை, அருவருப்பானவை, ஆனால் ஆபாசம் என்று சொல்ல அது போதாது. இப்படித் திட்டிக்கொண்டே கொடுத்த விடுதலை வேறு எங்கேயாவது உண்டா? :-) டேவிட் ஜான்சன் என்ற வரலாற்றாசிரியர் 2019-இல் எழுதிய 'பையிங் கே' புத்தகத்தில், அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்கள் ஒரு சமூகமாகத் திரண்டதில் இந்தப் பத்திரிகை வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார். படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் இந்தக் கதை எதுவும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கிற பையன்களில் பலர் கைச்செலவுக்காக வந்து நின்றவர்கள். யாரோ நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்து நின்ற படம், இன்று எவனோ ஒருத்தன் வீட்டு அலமாரியில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அவர்களை யாராவது மறுபடி கேட்டார்களா? இதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. முழு மறுபதிப்பு வேண்டும் என்று அடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம். அதில் அவர்களுக்கு ஒரு குறிப்பாவது இருக்கிறது. பொறுக்கிப் போட்ட புத்தகத்தில் அவர்கள் வெறும் உடம்பு.

எதற்கு இதையெல்லாம் சேர்க்கிறாய் என்று யாராவது கேட்டால், இதுவரை "கலை சார், போட்டோகிராபி சார்" என்று சமாளித்து வந்திருக்கிறேன். அதாவது, அந்தப் பத்திரிகைகள் சொன்ன அதே சாக்கு. அவர்களுக்காவது ஜெயில் பயம் இருந்தது. எனக்கு இருப்பது சித்தப்பா பயம் மட்டும்தான். பிடித்திருக்கிறது, அதனால் சேர்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கிறது.

இப்போ மூன்று தொகுதியும் முதுகு வெளியே தெரியத்தான் நிற்கின்றன. அடுத்த தடவை சித்தப்பா வரும்போதும் அப்படியே இருக்குமா? சத்தியமாகத் தெரியவில்லை. பார்ப்போம்.

பி.கு: வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு அனுபவ அறிவுரை. ஒரே ஒரு தொகுதி மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்காதீர்கள். மற்ற இரண்டைத் தேடி அலைகிற அலைச்சலில் அந்த லாபம் எங்கேயோ போய்விடும்!