நூற்று முப்பத்து நான்காம் இடத்தின் பெருமை

"முதல் ரேங்க் யாருக்கு?"

தேர்வு முடிவு வந்த நாளில், செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டு வாசலில் நம்மை எதிர்கொள்ளும் கேள்வி இது. இரண்டாவதாக வந்தவளுக்கு ஆறுதல் கிடைக்கும். பத்தாவதாக வந்தவளுக்கு அறிவுரை கிடைக்கும். அதற்கும் கீழே உள்ளவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! இந்தப் பழக்கம் வகுப்பறையோடு நின்றிருந்தால் நாங்கள் பேனாவைக் கையில் எடுத்திருக்க மாட்டோம். அது விளையாட்டுத் திடலுக்கும் வந்துவிட்டது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து டென்னிஸ் ஆடி வந்தாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பாவின் ஸ்கூட்டரில் செம்மண் திடலுக்குப் போய்விட்டு, ஈரத் தலையோடு காலை வழிபாட்டுக்கு ஓடி வருவாள். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். "நீ என்ன சானியா மிர்சாவா ஆகிவிடப் போகிறாய்? இத்தோடு போதும், அம்மா" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மட்டை பரணுக்குப் போயிற்று. அவளுடைய பெற்றோரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்விதானா என்பதே எங்கள் ஐயம்.

சானியா மிர்சாவை அறியாதார் யார்? 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் போட்டியில் மூன்றாம் சுற்றை எட்டியவர். 2007-இல் உலகத் தரவரிசையில் 27-ஆம் இடம் பெற்றவர். ஆனால் அவருக்கு ஏழு ஆண்டுகள் முன்பே அதே மெல்போர்ன் நகரில் ஒரு தமிழ்ப் பெண் வென்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் கோயம்புத்தூரில் 1976-இல் பிறந்த நிருபமா வைத்தியநாதன். சிறு வயதில் அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுத் தந்தவர் தந்தையே. 1998-இல் அவர் இத்தாலிய வீராங்கனை குளோரியா பிட்சிகினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரும் போட்டிகளின் கதவு 1968-இல் திறந்தது. அதன் பின்னர், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் இவரே. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலமும் பெற்றார்.

ஒற்றையர் ஆட்டத்தில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் எது தெரியுமா? 134.

"அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களா? சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் கணக்குப்படி 2013-இல் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய பெண்கள் 4,862 பேர். அத்தனை பேரில் 134-ஆம் இடம் என்பது, நூறு மாணவியர் உள்ள வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தியாக வருவதற்குச் சமம். அப்படிப்பட்டவளுக்கு நம் பள்ளியில் மேடையில் பரிசு கொடுப்போம். டென்னிஸில் மட்டும் ஏன் அவளைத் "தேறாதவள்" என்கிறோம்?

இந்த இடத்தைப் பிடிப்பது எளிதன்று. பிடித்ததைக் காப்பது அதனினும் கடினம். நாம் பத்தாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண் அப்படியே இருக்கும். டென்னிஸ் புள்ளியோ 52 வாரங்களில் உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஒரு போட்டியை வென்றவள், இந்த வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்தப் புள்ளிகளை இழப்பாள். எனவே தரவரிசையின் கீழ்ப்படிகளில் உள்ளவர்கள் ஓய்வின்றி ஊர் ஊராக, நாடு நாடாகப் போக வேண்டியிருக்கிறது. அங்கே கைதட்டக் கூட்டம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. மலிவான விடுதியில் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வார்கள். இரவில் ஆட்ட உடையைத் தாமே துவைத்துக் காயப்போடுவார்கள். தோற்றால் அன்று மாலையே அடுத்த ஊருக்குப் பயணம்.

வருவாய் என்ன? மிகக் கீழ்ப்படியிலுள்ள பன்னாட்டுப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. அதை எல்லாரும் பங்கிட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு 200 டாலர்கூடக் கிடைப்பதில்லை. மேற்சொன்ன சம்மேளனத்தின் கணக்கில் ஒரு பெண் ஓராண்டு முழுதும் ஆடுவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய 40,180 டாலர். பயிற்சியாளரின் ஊதியம் இதில் சேராது. அந்த ஆண்டு 253-ஆம் இடம் வரை இருந்த பெண்களுக்கே வரவும் செலவும் சரிக்கட்டின. மற்றவர்கள் கைப்பொருளை, அதாவது பெற்றோர் சேமிப்பை, இழந்தே ஆடினர்.

ஆண்கள் நிலையும் அப்படியே. 2023 செப்டம்பரில் நம் நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் 900 யூரோ, அதாவது ஏறக்குறைய 80,000 ரூபாய் மட்டுமே இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அவர் மட்டையை வைத்துவிடவில்லை. 2024 ஜனவரியில் மூன்று தகுதிச் சுற்றுகளைக் கடந்து ஆஸ்திரேலிய ஓபனில் நுழைந்தார். அங்கே தரநிலை பெற்ற அலெக்சாண்டர் பப்லிக்கை வென்றார். அவ்வாண்டு ஜூலையில் உலகில் 68-ஆம் இடத்தை எட்டினார். 80,000 ரூபாயைக் கண்டு அவர் அஞ்சி நின்றிருந்தால்?

"நூறாவது, இருநூறாவது இடத்தில் உள்ளவரின் ஆட்டத்தைக் காண யார் காசு கொடுப்பார்கள்? கூட்டத்தை ஈர்ப்பவருக்குத்தானே பணம்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் போட்டியில் 128 பேர் ஆடுகிறார்கள். கோப்பையைத் தூக்குபவர் ஒருவர். தோற்பவர் 127 பேர்! அந்த 127 பேரும் வராவிட்டால் வெற்றி வீராங்கனை யாரை வெல்வாள்? இன்று உச்சியில் இருப்பவர்களும் ஒரு காலத்தில் யாரும் காணாத திடல்களில் ஆடி ஏறியவர்களே. ஏணியின் கீழ்ப்படி உளுத்துப் போனால் மேற்படியில் நிற்பவருக்கும் ஆபத்து அன்றோ?

வறுமை இன்னொரு கேட்டையும் அழைத்து வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்கும் சூதாட்டக் கொடுமை கீழ்நிலைப் போட்டிகளில் மிகுந்துள்ளதை 2018-இல் ஒரு தனி விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. போதிய வருவாய் இன்மையே அதற்கு ஒரு காரணம் என்றும் கூறியது. இந்த நிலை மெல்ல மாறி வருகிறது. முதல் 250 இடங்களில் உள்ள ஆண்களுக்குக் குறைந்தபட்ச வருமான உறுதியை அவர்களது அமைப்பு 2023-இல் அறிவித்தது. பெண்கள் அமைப்பு 2025-இல் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பைக் கொண்டுவந்தது. முதற்பரிசை மேலும் பெருக்குவதைவிட, கடைசிப் பரிசை உயர்த்துவதே டென்னிஸுக்குச் செய்யும் நன்மை என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படியானால் எல்லாப் பெண்களும் படிப்பை விட்டு மட்டையைத் தூக்க வேண்டும் என்கிறோமா? இல்லவே இல்லை. வீட்டை அடகு வைத்து விளையாடச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே நடக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவித்தொகை பெற்றுப் பட்டமும் வாங்கி வருவோர் பலர். ஆட்டம் முடிந்த பிறகும் வாழ்வு உண்டு. நிருபமா, மகளுக்குத் தாயான பின் 2010-இல் டில்லி காமன்வெல்த் விளையாட்டில் நாட்டுக்காக மீண்டும் களமிறங்கினார். அமெரிக்காவில் சிறுவர் சிறுமியர்க்குப் பயிற்சியும் அளித்தார். 134-ஆம் இடம் அவருக்குக் கொடுத்த கல்வி வீணாகவில்லை.

அன்புள்ள பெற்றோரே, "முதலாவதாக வருவாயா?" என்று எங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "நேற்றைவிட இன்று நன்றாக ஆடினாயா? மகிழ்ச்சியோடு ஆடினாயா?" என்று கேளுங்கள். வீட்டு நிலைமையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும். எங்கள் அன்புக்குரிய அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம்: அடுத்த விளையாட்டு விழாவில், அணிக்குத் தேர்வாகாவிட்டாலும் ஆண்டு முழுதும் ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்த மாணவிக்கு ஒரு கோப்பை வையுங்கள். சிறியதாக இருந்தாலும் போதும்.

தோழியே, இந்த மலரை நீயும் படிப்பாய். பரணில் இருக்கும் மட்டையை இறக்கித் தூசி தட்டு. சானியாவாக ஆக வேண்டியதில்லை. திடலுக்கு வா, எதிர்ப்பக்கத்தில் நின்று ஆட நாங்கள் இருக்கிறோம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்