பிறப்பா? ஓட்டா?

கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கா என்னும் சிறு தீவு, 1978-ல் சுதந்திரமடைந்தபொழுதே இங்கிலாந்து முடியை ஒதுக்கிவிட்டுக் குடியரசாயிற்று. அருகிலுள்ள செயிண்ட் லூசியாவுக்கோ, மூத்த பிள்ளையாய்ப் பிறந்தார் என்கின்ற ஒரே யோக்கியதைக்காக இங்கிலாந்து மன்னரே இன்றும் தலைவர்!

டொமினிக்காவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்களை, 1903-ல் வெள்ளையர் சுமார் 3,700 ஏக்கருக்குள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மக்களில் ஒருவரான சில்வானி பர்டன் அம்மையாரை 2023-ல் சட்டசபை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

"அதிகாரமெல்லாம் பிரதம மந்திரியிடம், ஜனாதிபதி பதவி வெறும் அலங்காரந்தானே?" என்பார்கள். மெய்தான். வெறும் அலங்காரமென்றால், அதைப் பிறவிப் பாத்தியதையாக வைத்துக் காப்பானேன் என்று கேட்கின்றோம். ஆனால் நாற்காலி கிடைத்ததோடு திருப்தியடைவதும் ஏமாளித்தனமேயாகும். பிறவி உயர்வை ஒழிப்பது முதற்படி. அதிகாரத்தில் பங்கு பெறுவதே அடுத்த படி.