மதிப்பெண்ணுக்குக் கணக்கு எங்கே?

வருஷக் கடைசி வந்துவிட்டால் சிங்கப்பூர் ஆபீசுகளிலும் தொழிற்சாலைகளிலும் மேலதிகாரிகள் தம் கீழ் வேலை செய்பவர்களுக்கு மதிப்பெண் போட உட்காருகிறார்கள். அந்த எண்ணைக் கொண்டே போனஸும் சம்பள உயர்வும் பதவி உயர்வும் தீர்மானமாகின்றன. ஆட்குறைப்பு வருங்கால் முதலில் வெளியேறுகிறவர் யார் என்பதையும் பல இடங்களில் அதுவே தீர்மானிக்கிறது. இவ்வளவு அதிகாரம் படைத்த எண்ணைச் சரிபார்ப்பவர் யார்? பெரும்பாலும் போட்டவரே, மிஞ்சினால் அவருக்கு மேலுள்ளவர் ஒரு கையெழுத்திடுகிறார். இதற்குத் திறமைக்கு மரியாதை என்று பெயராம்!

நான் தோட்டத்துக் கிராணி. எங்கள் ஸ்டோரில் வாளியைக் கண்ணால் பார்த்து, "இவன் கொண்டுவந்தது தண்ணீர்ப் பால்" என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மண்டோருக்குக் கிடையாது. தராசு உண்டு, மெட்ரோலாக் உண்டு, செக்ரோலில் ஏறிய கிலோ எத்தனை என்று கேட்கும் வாய் தொழிலாளிக்கும் உண்டு. ரப்பர் பாலுக்குள்ள இந்த நியாயம், இங்கிலீஷ் படித்துக் கழுத்துப்பட்டை கட்டி ராபின்சன் சாலையில் உத்தியோகம் பார்க்கும் தமிழருக்கு இல்லை.

மதிப்பெண் தாளில் உள்ள தலைப்புகளைப் பாருங்கள். தொடர்புத் திறன், முன்முயற்சி, ஈடுபாடு, கூடிப் பழகும் குணம். இவற்றை நிறுக்கும் தராசு எது? சீன மொழியிலேயே பேச்சு நடக்கும் குழுவில் ஒரு தமிழ்ப் பெண் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் "தொடர்புத் திறன் குறைவு." பிரசவ லீவு முடிந்து வந்தவளுக்கு "ஈடுபாடு குறைவு." ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்குப் "புதுமையில் நாட்டமில்லை." இந்தியர் என்பதால் குறைத்தேன் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. குறைத்தவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஆதலால்தான் அவருடைய மனசாட்சியை மட்டும் நம்பி இருக்கலாகாது என்கிறோம்.

2025 ஜனவரி 8-ஆம் நாள் சிங்கப்பூர்ப் பார்லிமெண்டு வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, தேசியம், பால், மண வாழ்வு நிலை, கர்ப்பம், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், மதம், மொழித் திறன், உடற்குறை, மனநலம் ஆகிய 11 காரணங்களைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்தலாகாது என்பது அச்சட்டம். வேலைக்கு எடுப்பது, நீக்குவது மட்டுமின்றி, மதிப்பெண் போடுவதும் அதற்குள் அடக்கம். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் முறையிட வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. அவர் கையில் இருப்பதோ தம்முடைய ஒற்றை எண். பக்கத்து மேஜைக்காரருக்கு எத்தனை விழுந்தது, பத்து வருஷமாகத் தம் இனத்தாருக்கு எத்தனை விழுந்துவருகிறது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? மதிப்பெண்களை இனவாரியாகவும் பால்வாரியாகவும் கூட்டிப் பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டளை முதலாளிக்கு அச்சட்டத்தில் இல்லை. நம் ஆட்சேபம் இதுதான்.

இந்தக் கூட்டல் புதிய யோசனையன்று. 1921-இல் சென்னையில் நீதிக்கட்சி மந்திரிசபை பிறப்பித்த வகுப்புவாரி உத்தரவு என்ன செய்தது? புதிதாக வேலைக்கு எடுத்தவர்களை ஆறு வகுப்பாகப் பிரித்து அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்பும்படி இலாகாத் தலைவர்களுக்கும் கலெக்டர்களுக்கும் ஜில்லா நீதிபதிகளுக்கும் கட்டளையிட்டது. திறமை அழிந்துபோகும் என்ற கூச்சல் அன்றே எழுந்தது. கணக்குக் கேட்டவுடன் திறமை அழிந்துபோகுமானால் அது என்ன திறமையோ!

1972-இல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலையில் கறுப்பினத்தார் மேலேறாத காரணத்தை ஆராய்ந்தது. ஃபோர்மனின் சிபார்சின்றி அங்கே உயர்வில்லை. எதைப் பார்த்துச் சிபார்சு செய்வது என்று அவருக்கு எழுத்து மூலமான விதியுமில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வியோடு நில்லாமல், பக்ஷபாதத்துக்கு இப்படி வழிவிடும் முறையே தவறு என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஃபோர்மன் என்பவர் யார்? நம் மண்டோர்தான், வேறு தொப்பி போட்டவர்!

இனவாரியாக எண்ணினால் இனத்துவேஷம் வளரும் என்று ஒரு சாரார் பயமுறுத்துகிறார்கள். 1989 முதல் வீடமைப்புக் கழகத்தின் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தார் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று சர்க்கார் எண்ணி வருகிறது. தமிழர் தம் வீட்டை விற்கப் போனாலும் இனக் கணக்கு குறுக்கே வருகிறது. வீட்டை விற்கும்போது ஆபத்தாகாத எண்ணிக்கை, போனஸ் கொடுக்கும்போது மட்டும் ஆபத்தாகிவிடுமோ?

கணக்கு கடினமன்று. ஒரே தரத்து வேலையில் சீனர் 100 பேர், இந்தியர் 25 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தர மதிப்பெண் சீனரில் 40 பேருக்கு, இந்தியரில் 5 பேருக்கு. நூற்றுக்கு 40, நூற்றுக்கு 20. குறைந்த விகிதம் உயர்ந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கும் தாழ்ந்தால் சந்தேகிக்கலாம் என்பது 1978-இல் அமெரிக்க சர்க்கார் இலாகாக்கள், ஆள் தேர்வையும் பதவி உயர்வையும் சோதிக்க வகுத்த அளவு. இங்கோ பாதிதான். இதுவே குற்றத்துக்கு ருசு ஆகாது. விசாரணைக்குப் போதுமான காரணம் ஆகும். ஒரே அதிகாரியின் கீழ் மட்டும் இப்படியா, சர்வீஸ் குறைந்தவர்களா, எழுதிய குறிப்புக்கு வேலையில் ஆதாரம் உண்டா என்று பார்க்கவேண்டும். ஐந்தாறு பேரே உள்ள இலாகாவில் ஒரு வருஷத்து எண் எதையும் சொல்லாது. மூன்று நான்கு வருஷத்தைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இந்தத் தாளையும் கேட்டு வாங்கவேண்டும்.

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. 25 பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்கு முதல் ஐந்து வருஷம் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. சிராங்கூன் சாலைக் கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் மிகப் பல அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். அங்கே முதலாளி தமிழர், வேலையாளும் தமிழர். ஆயினும் ஊர் பார்த்து, ஜாதி பார்த்து, பெண் என்று பார்த்து உயர்வு கொடுக்கும் கல்லாப்பெட்டிகள் இல்லையென்று யார் சத்தியம் செய்வார்? பெரிய கம்பெனிகளைக் கணக்குக் கேட்கும் தமிழ் வர்த்தகப் பிரமுகர்கள், பதினைந்து பேர் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதி, யாருக்கு எப்போது எதற்காகச் சம்பளம் கூட்டினோம் என்று எதிரே குறித்து, அதைக் கடையின் பின்கட்டில் ஒட்டிவைக்க முன்வருவார்களா?