கேட்டுக் கொடுப்போம்

ஆபத்துக் காலத்தில் உதவி செய்வதில் நம் தமிழ் ஜனங்கள் பின்வாங்குபவர்கள் அல்லர். ஆனால், என்ன வேண்டுமென்று கேட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? அதில்தான் நமக்குச் சந்தேகம்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினத்தைச் சூறையாடிற்று. நாலா திசைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணிகள் போய்ச் சேர்ந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். சாலையோரங்களில் துணி மலைமலையாகக் குவிந்து குப்பையாயிற்று. கடலை நம்பிக் கௌரவமாய்ப் பிழைத்தவர்களுக்குப் பிறர் உடுத்திக் கழித்ததை அனுப்புவது உபகாரம் ஆகுமா?

ஒரே பாஷை பேசுவோரிடையிலேயே இப்படி என்றால், அயல் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கதி என்ன? ஜப்பானில் வாழும் கொரியர்களின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1923 செப்டம்பர் 1-ந் தேதி டோக்கியோவைப் பூகம்பம் குலைத்தது. கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. சில ஜப்பானியச் சொற்களைச் சொல்லச் சொல்லிச் சோதித்தார்கள். நாக்குப் பிசகியவர்கள் உயிரிழந்தார்கள். கொலையுண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பர்.

1995 ஜனவரி 17-ந் தேதி கோபே நகரம் பூகம்பத்தில் இடிந்தது. அங்கே நகாதா பகுதியில் கொரியர்கள் திரளாக வசித்தார்கள். சில வாரங்களுக்குள் அவர்கள் தங்கள் மொழியிலேயே ஒரு சிறு வானொலியைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'யோபோசேயோ'. டெலிபோனை எடுத்ததும் கொரியர் சொல்லும் வார்த்தை அது! அடுத்து வியட்நாமியர் முதலியோருக்கும் வானொலி பேசிற்று. ஜப்பானியத் தொண்டர்கள் துணை நின்றார்கள். முன்பு உயிரைப் பறித்த அந்நிய பாஷை, இப்போது ஆறுதல் சொல்லும் பாஷையாயிற்று.

சோழவந்தானில் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். வைகைப் பாசனத்தில் நெல் விளையும் நமக்கு ஆகாரம் என்றால் சோறுதான். 2020-ல் ஊரடங்கின்போது, நிவாரணமாக அரிசி பெற்ற வடநாட்டுத் தொழிலாளர் பலர் கோதுமை மாவு கிடைக்குமா என்று கேட்டார்கள். அதைக் கேட்டு, "இலவசத்தில் இவ்வளவு பிடிவாதமா?" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நாம் பாட்னாவில் வெள்ளத்தில் அகப்பட்டு, பத்து நாள் ரொட்டியே தின்ன நேர்ந்தால் ஒரு கவளம் ரசம் சாதத்துக்கு ஏங்க மாட்டோமா? வடக்கத்தியார் எல்லோரும் ஒன்று என்பதும் தவறு. வங்காளியும் ஒடியரும் நம்மைப் போலவே சோறு உண்பவர்கள்.

ஆகவே, மூட்டை கட்டுமுன் அவர்களில் இரண்டொருவரை அழைத்து விசாரிப்போம். எது வேண்டும், எது ஆகாது, பெண்களுக்குத் தனியே என்ன தேவை என்று அவர்கள் வாயாலேயே அறிவோம். பாஷை தெரிந்த ஒருவரை உடன் வைத்துக் கொள்வோம். இதற்குப் பணச் செலவில்லை; சற்றுப் பொறுமைதான் செலவு.